எல்லோர் கையும் நீளும் ஒரு சீஸ் தட்டு

சீஸ் தட்டு வைக்கும் பார்ட்டிகளில் ஒரு வழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. மேசையின் நடுவில் பெரிய மரப்பலகை இருக்கும், தேடித்தேடி வாங்கிய நல்ல சீஸ் எல்லாம் அதில்தான். ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு, அதில் சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டைப் பிரித்துச் சதுரம் சதுரமாக நறுக்கிய செடார், பக்கத்தில் 'வெஜ்' என்று ஒரு சீட்டு. வீட்டுக்காரர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சின்னத் தட்டின் முன்னால் ஒருவர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒரு இலைக்கு மட்டும் பாயசம் ஊற்றாமல் போய்விட்டது போல எனக்கு மனசு கேட்பதில்லை.

நான் சைவம் இல்லை. பார்மெசானும் காம்டேவும் எனக்கு மிகவும் பிடித்த சீஸ்கள், வீட்டில் வாங்கிச் சாப்பிடுகிறவன். ஆனால் அவை சைவக்காரர்கள் எடுக்க முடியாத சீஸ்கள். அதனால் நாலு பேரைக் கூப்பிட்டு வைக்கிற தட்டில் அவை இருக்கக் கூடாது, முழுத் தட்டும் எல்லோரும் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நண்பர்களில் பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்வதில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். இந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இங்கே எத்தனை குஜராத்திக் குடும்பங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1972-ல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் இங்கே குடியேறினார்கள். ஆக்ஸ்ஃபர்ட் தெருவில் பழைய தேவாலயம் ஒன்று ஜைனக் கோயிலாகி நிற்கிறது. என் வீட்டுப் பார்ட்டிக்கு வருகிற கூட்டத்தில் ஜைனர்கள் இருப்பார்கள், முட்டைகூடத் தொடாத நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், ஹலால் பார்த்துச் சாப்பிடும் நண்பர்கள் இருப்பார்கள், எதையும் சாப்பிடுகிற ஆபீஸ் ஆட்களும் இருப்பார்கள். அதே சமயம் இது சீஸ் ஊர். ஸ்டில்டன் என்ற பெயரில் நீலச் சீஸ் செய்ய உலகத்திலேயே மூன்று கவுண்டிகளுக்குத்தான், அதாவது மாவட்டங்களுக்குத்தான் உரிமை, டெர்பிஷைர், நாட்டிங்ஹாம்ஷைர், எங்கள் லெஸ்டர்ஷைர். கேம்பிரிட்ஜ்ஷைரில் இருக்கிற ஸ்டில்டன் கிராமத்துக்கே அந்த உரிமை கிடையாது. சிவப்பு லெஸ்டரும் இந்த மண்ணின் சீஸ்தான். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு, வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரப்பர் மாதிரியான சதுரத்தைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

பால் மட்டும்தானா?

தயிருக்கு உறைமோர் விடுகிறோம், பனீருக்கு எலுமிச்சை பிழிகிறோம். இரண்டிலும் பாலைக் கெட்டியாக்குவது புளிப்பு. ஆனால் ஐரோப்பியச் சீஸ் பெரும்பாலும் அப்படி உறைவதில்லை. அதற்கு ரென்னட் என்று ஒரு பொருள் வேண்டும். பால் மட்டுமே குடித்து வளரும் கன்றின் நாலாவது வயிற்றில் கைமோசின் என்ற நொதி சுரக்கிறது. தாய்ப்பால் குடலுக்குள் ஓடிவிடாமல் வயிற்றிலேயே உறைந்து மெதுவாகச் செரிக்க வேண்டும் என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. அறுத்த கன்றின் வயிற்றிலிருந்து அந்த நொதியை எடுத்து வெதுவெதுப்பான பாலில் துளி விட்டால், கொஞ்ச நேரத்தில் கத்தியால் வெட்டுகிற பதத்துக்குப் பால் உறைந்துவிடும்.

இது பழங்கதை இல்லை, இன்றும் நடக்கிறது. பார்மெசானை அதன் இத்தாலியப் பெயரான பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்று முத்திரை குத்தி விற்க வேண்டுமானால் பால், உப்பு, கன்றின் ரென்னட், இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்க முடியாது. சட்டமே அப்படி. பார்மெசானில் 'சைவ வகை' என்று ஒன்று இல்லாததற்குக் காரணம் அதுதான். இங்கே கடைகளில் சைவக்காரர்களுக்காக விற்கிற அதே மாதிரிச் சீஸை 'இத்தாலிய பாணிக் கட்டி சீஸ்' என்று ஏதாவது பெயரில்தான் விற்கிறார்கள். கிரானா படானோவும் கன்று ரென்னட்தான். காம்டே, ரோக்ஃபோர்ட், சுவிஸ் குருயேர் என்று பெரிய பெயர்கள் பலவும் இந்தப் பக்கம்தான். போதாததற்கு, துணி சுற்றிப் பழுக்கவைக்கும் பண்ணைச் செடார்கள் பலவற்றில் அந்தத் துணியை ஒட்டுவதற்குப் பன்றிக் கொழுப்பைப் பூசுகிறார்கள். ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் சாப்பிடுகிறோம் என்றாலும், ஹலால் பார்க்கும் நண்பருக்கு முன்னால் அதை வைத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது.

மாற்று இல்லாமலும் இல்லை. கன்றின் கைமோசினை உண்டாக்கும் மரபணுவை நுண்ணுயிரிக்குள் வைத்து, அதே நொதியை ஆலையில் தயாரிக்கும் முறைக்கு 1990-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றத்தால் வந்த உணவுப் பொருளுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதியே அதுதான். இன்று பிரிட்டனில் சூப்பர்மார்க்கெட் செடார்களில் பெரும்பாலானவற்றின் மேல் 'சைவத்துக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருக்கும். பூஞ்சையிலிருந்து எடுக்கும் நொதியும் உண்டு, செடியிலிருந்து எடுப்பதும் உண்டு.

மயிலாடுதுறை அம்மா

இதையெல்லாம் அறிவாகத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, இவ்வளவு பிடிவாதக்காரனாக ஆனது ஒரு கிறிஸ்துமஸ் நேரத்துப் பார்ட்டியில். நண்பர் ஒருவரின் அம்மா மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். பார்ட்டி வேறொருவர் வீட்டில். அந்த வீட்டில் இவருக்காகவே முட்டை போடாத கேக் செய்திருந்தார்கள், சமோசாவைத் தனி எண்ணெயில் பொரித்திருந்தார்கள், அத்தனை கவனம். ஆனால் சீஸ் பலகையைக் காட்டி "இதெல்லாம் வெறும் பால்தாம்மா, தைரியமா எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். மெல்லிய பிஸ்கட் மேல் பார்மெசானைச் சீவி வைத்து, ஒரு சொட்டுத் தேன் விட்டு அழகாக அடுக்கியிருந்தது. அம்மா அதில் ஒன்றை எடுத்துவிட்டார்.

அந்த இடத்தில் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேசினால் வீட்டுக்காரருக்குச் சங்கடம், அம்மாவுக்கும் சங்கடம். நான் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் சொன்னேன், "அம்மா, அதை வச்சிடுங்க, இந்தப் பக்கம் இருக்கிறதை எடுத்துக்கோங்க" என்று. அவர் விடவில்லை. "ஏன் தம்பி, இதுல என்ன?" சொன்னேன். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளை விட்டுத்தான் இதை உறையவைக்கிறார்கள் என்று.

முகம் சுளிப்பார், தட்டை வைத்துவிட்டு ஒதுங்கிப்போய் உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆமா, கன்னுக்குட்டி கக்கினா திரிஞ்ச பாலுதானே வரும்" என்றார். வீட்டில் மாடு வைத்திருந்தவர். நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் தொழுவத்தில் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. கன்றுக்கு எத்தனை நாள் வயது, பால் கறக்கிற மாட்டுக்குப் பிறந்த காளைக்கன்றுதானா, அப்படியென்றால் பேரன் வாங்கிக்கொடுக்கிற பீட்சாவில் இருப்பது எது? பீட்சா மேல் தூவும் மொசரெல்லாவில் இப்போது பெரும்பாலும் கன்று ரென்னட் இருப்பதில்லை, ஆனாலும் கடைக்குக் கடை கேட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்றேன். கடைசியில் அவர் சொன்னதுதான் என்னோடு வீட்டுக்கு வந்தது. "இத்தனை படிச்சவங்க இருக்கீங்க, எதுல என்ன இருக்குன்னு ஒரு சீட்டுல எழுதி வச்சா என்ன தம்பி? எனக்குன்னு தனியா எதுவும் வேணாம்."

அவர் கேட்டது சீட்டு மட்டும்தான். நான் அதற்கு மேலே ஒரு படி போனேன். தனியாக வேண்டாம் என்று அவரே சொல்கிறபோது, தனி என்ற ஒன்றே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்கத் தோன்றியது.

இழப்பு உண்டு

என் நண்பன் ஒருவன் இதில் எனக்கு நேர் எதிர். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காம்டே பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம் பழுத்து வரும்போது அதில் வருகிற வறுத்த பருப்பு வாசனைக்கு ஈடு கிடையாது, ரோக்ஃபோர்ட் செம்மறிப் பாலில் செய்து பிரான்ஸில் கொம்பாலு மலைக் குகைகளில் பழுப்பது, அதற்குப் பதில் இது என்று எதையும் நீட்ட முடியாது என்பான். உண்மைதான். பூஞ்சை நொதியில் உறைந்த சீஸ் நெடுநாள் பழுக்கும்போது சில நேரம் லேசாகக் கசந்துவிடும் என்பதும் உண்மை. பத்துப் பேரில் மூன்று பேருக்காக மிச்ச ஏழு பேர் ஏன் இழக்க வேண்டும் என்று கேட்பான்.

நான் அவனுக்குச் சொல்வது ஒன்றுதான். அந்த ஏழு பேர் அதை எந்த நாளும் வாங்கிச் சாப்பிடலாம். பார்ட்டி என்பது ஒரே பலகையைச் சுற்றி நின்றுகொண்டு, "இதைச் சாப்பிட்டுப் பார்த்தியா" என்று ஒருவர் தட்டில் இன்னொருவர் வைக்கிற நேரம். அந்தக் கை பாதியில் நின்றுவிடக் கூடாது. தவிர, சைவம் என்று வடிகட்டினால் மிஞ்சுவது மட்டமான சீஸ் என்ற எண்ணமே தவறு. போர்ச்சுகலில் லிஸ்பனுக்குத் தெற்கே செய்யும் அஸெய்தாவ், மலைப்பகுதியில் செய்யும் செர்ரா டா எஸ்ட்ரேலா, இரண்டையும் கார்டூன் என்ற முள்செடியின் ஊதாப் பூவை ஊறவைத்த தண்ணீரில்தான் உறையவைக்கிறார்கள். அங்கே சட்டம் பூவைத்தான் கேட்கிறது. செம்மறிப் பாலில் செய்த அஸெய்தாவின் மேல் மூடியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டால் உள்ளே கரண்டியால் அள்ளுகிற பதத்தில் இருக்கும், முடிவில் ஒரு மெல்லிய கசப்பு. அதைச் சாப்பிட்ட பிறகு என் நண்பனே கொஞ்ச நேரம் வாதாடவில்லை.

நான் வைக்கிற தட்டு

நாலு சீஸ். அதற்கு மேல் போனால் வாய்க்கு எதுவும் நினைவிருக்காது, துண்டுகளும் சின்னதாகி ஓரங்கள் காய்ந்துவிடும். எட்டு வகையில் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவதைவிட நாலு வகையில் நல்ல பெரிய துண்டாக வாங்குவது பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். மற்றச் சாப்பாடும் இருக்கிற பார்ட்டி என்றால் ஆளுக்கு 60-லிருந்து 80 கிராம் கணக்கு. பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும்.

நீலச் சீஸுக்கு ஸ்டில்டன். அதைப் பாஸ்சரைஸ் செய்த பாலில்தான் செய்ய வேண்டும் என்பது விதி, ஆனால் ரென்னட் எது என்பது செய்கிறவரைப் பொறுத்தது. அதனால் லேபிளைப் பார்த்தே வாங்குவேன், சைவ வகை எளிதாகவே கிடைக்கிறது. கட்டிச் சீஸுக்கு நன்றாக முதிர்ந்த செடார் அல்லது சிவப்பு லெஸ்டர். பால் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாத ஆட்கள் நம்மில் நிறைய, அவர்களுக்கும் இதுதான் பாதுகாப்பு, ஏனென்றால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையின் பெரும்பகுதி திரிந்த பாலின் தண்ணீரோடு வடிந்துவிடுகிறது, மிச்சத்தைப் பழுக்கிற மாதங்களில் பாக்டீரியா தின்று தீர்த்துவிடுகிறது. மூன்றாவது கார்னிஷ் யார்க். காஞ்சொறி மாதிரி அரிக்கிற நெட்டில் இலைகளைச் சுற்றிப் பழுக்கவைக்கிற சீஸ் இது, உள்ளே எலுமிச்சைப் புளிப்பு, தோலுக்குப் பக்கத்தில் குழைவு. குழந்தைகள்கூட விரும்பிச் சாப்பிடுவார்கள். அது கிடைக்காத வாரம் வென்ஸ்லிடேல். நாலாவது மென்மையான ஒன்று, கிடைத்தால் அஸெய்தாவ், இல்லையென்றால் சாமர்செட் பிரி. அஸெய்தாவ் காய்ச்சாத பாலில் செய்வது, பிரி வெள்ளைப் பூஞ்சை படர்வது. கர்ப்பமாக இருப்பவர்கள் இரண்டையும் தவிர்க்க வேண்டும், லிஸ்டீரியா என்ற கிருமித் தொற்று பயம் உண்டு. அவர்களுக்குச் செடார் போதும் என்று நானே போய்ச் சொல்லிவிடுவேன், சீட்டைப் படிப்பார்கள் என்று இருந்துவிட மாட்டேன்.

வெட்டித் தருகிற சீஸ் கடை பக்கத்தில் இருந்தால் அங்கேயே போவது நல்லது. யார் யார் வருகிறார்கள் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். கவுண்டரில் இருப்பவர்களுக்கு எதில் எந்த ரென்னட் என்பது மனப்பாடம், கேட்டால் ஒரு சீவல் வெட்டி வாயில் போடவும் கொடுப்பார்கள். சூப்பர்மார்க்கெட் என்றால் அந்த 'சைவத்துக்கு ஏற்றது' வரியைத் தேடிப் பாருங்கள். பொருட்பட்டியலில் வெறுமனே 'ரென்னட்' என்று மட்டும் இருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள்.

பிஸ்கட் விஷயத்தில் என் கருத்து இன்னும் கறாரானது. ரோஸ்மேரி, பூண்டு, கருமிளகு, வெங்காயம் என்று மணம் சேர்த்த பெட்டிகள் எதுவும் வேண்டாம். சீஸுக்குக் கொடுத்த காசெல்லாம் அந்தப் பூண்டுப்பொடியில் காணாமல் போய்விடும். அந்த மாதிரி வகைகள் சிலவற்றின் மாவிலேயே சீஸ் பொடி கலந்திருக்கும். தட்டிலுள்ள சீஸையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுப் பிஸ்கட்டில் கோட்டைவிடக் கூடாது. எனக்கு இரண்டு வகை போதும். ஒன்று வாட்டர் பிஸ்கட், அநேகமாக மாவும் தண்ணீரும்தான், தனக்கென்று பெரிய ருசி கிடையாது, பிரி போன்ற மென்மையான சீஸைத் தாங்குவதற்கு அதுதான் சரி. இன்னொன்று ஸ்காட்லாந்து ஓட்கேக், தடியானது, கொஞ்சம் உப்பு, வாயில் மாவாக உதிரும், ஸ்டில்டனின் காரத்துக்கும் செடாரின் புளிப்புக்கும் ஈடுகொடுக்கும். கோதுமை ஆகாதவர்களுக்கு அதிலேயே குளூட்டன் இல்லாதது என்று எழுதிய பெட்டி கிடைக்கிறது. 1885-ல் டப்ளினில் பிறந்த ஜேக்கப்ஸ் கிரீம் கிராக்கர் இங்கே எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கும், நம் ஊர் உப்பு பிஸ்கட்டில் வளர்ந்தவர்களின் கை முதலில் அதற்குத்தான் போகும். செடாருக்கு அது தாராளமாகப் போதும்.

யாராவது நம் ஊர்ப் பலகாரமான தட்டை கொண்டுவருவார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஆனால் பெருங்காயமும் மிளகாயும் போட்ட தட்டை மேல் பிரி வைத்தால் பிரி இருப்பதே தெரியாது. செடாரோடு சாப்பிடுங்கள், அது நன்றாக இருக்கும். அதே மாதிரி, கடையில் வாங்கும் சட்னி ஜாடிக்குப் பதிலாக, வெல்லம் தூக்கலாகப் போட்ட மாங்காய்ப் பச்சடி ஒரு கிண்ணம் வைத்துப் பாருங்கள். செடாருக்கு அதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் பார்க்கவில்லை. ஸ்டில்டனுக்குப் பேரிக்காயும் வால்நட்டும்.

பார்ட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். குளிரில் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனை வெளியே வராது. பாதிப் பேருக்குச் சீஸ் பிடிக்காமல் போவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, நீலச் சீஸுக்குக் கட்டாயம். அப்புறம் சீட்டு. பெயர், எந்த விலங்கின் பால், காய்ச்சிய பாலா இல்லையா, எந்த ரென்னட், இவ்வளவையும் கையால் எழுதி முன்னால் வைப்பேன். தட்டில் எல்லாமே சைவம் என்கிறபோது இது எதற்கு என்று கேட்கிறார்கள். ஜைன நண்பர்களில் ஒருவர் ஆலையில் செய்த கைமோசினை ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் அதன் மூலமே கன்றின் மரபணுதானே என்று தவிர்ப்பார், ஆனால் பூவில் உறைந்த அஸெய்தாவை இருவரும் எடுப்பார்கள். அதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான விவரத்தை எழுதி வைப்பது என் வேலை.

நண்பனோடு விவாதம் இன்னும் முடியவில்லை. போன தடவை அவன் காம்டே ஒரு பெரிய துண்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றான். வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை வரச்சொல்லி, நாங்கள் இருவரும் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தோம். அவன் சொன்னது போலவே வறுத்த பருப்பு வாசனை, பிரமாதமாக இருந்தது.